கணக்கு நோட்டு யார் கையில்?

அவைத் தலைவர் அவர்களே, இந்த மழையிலும் நேரத்துக்கு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் வார்டு உறுப்பினர் அம்மா அவர்களே, படிப்பகத்துக்கு நாற்காலிகள் வாங்கித் தந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையை இரண்டே நிமிடத்தில் முடித்த அருமைத் தம்பி, உட்கார இடமில்லாமல் வாசலில் நிற்கும் தூய்மைப் பணித் தோழர்களே, வணக்கம்.

அமெரிக்காவில் அடிமை முறையும் உழைப்பும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பருத்தி, விளைச்சலில் பங்கு பேசி உழுகிற வாரச் சாகுபடி, மெம்பிஸ் நகரத்து வேலைநிறுத்தம் என்று மூன்றையும் பேசிவிடுகிறேன்.

பருத்தியில் கொட்டை பிரிக்கும் இயந்திரத்தை 1793இல் எலி விட்னி செய்தார். இயந்திரம் வந்தால் ஆள் தேவை குறையும் என்றுதானே நினைப்போம்? கொட்டை பிரிக்கிற வேலை சுலபமானதும் இன்னும் இன்னும் பருத்தி போட்டார்கள். பறிக்கக் கை வேண்டுமே! 1790இல் ஏழு லட்சம் போல இருந்த அடிமைகள் 1860இல் நாற்பது லட்சத்தை நெருங்கினார்கள். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். அங்கே உழுதவனே கணக்கில் ஒரு சொத்து.

அடிமையாகப் பிறந்து, பின்னாளில் அடிமை முறையை எதிர்த்துப் பேசிய ஃப்ரெடரிக் டக்ளஸ் கதையைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பால்டிமோர் கப்பல் துறையில் பலகை இடுக்குகளை அடைக்கிற வேலை. வேலை பேசுவது அவர், கூலி பேசுவது அவர், சுத்தியல் பிடிப்பதும் அவர். வாரக் கடைசியில் கூலி மொத்தத்தையும் எஜமானர் ஹியூ ஆல்டிடம் கொடுக்க வேண்டும். ஆல்ட் எண்ணுவார். எண்ணிவிட்டு முகத்தை முறைத்துப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்பார். ஆறு டாலர் கொண்டுவந்தால் சில சமயம் ஆறு சென்ட் திருப்பிக் கொடுப்பார், உற்சாகப்படுத்துகிறாராம்! நூற்றில் ஒரு பங்கு. (இங்கே கைதட்டாதீர்கள், இனிமேல்தான் இருக்கிறது.) டக்ளஸ் என்ன நினைத்தார்? ஒரு பங்கு எனக்குச் சேர வேண்டியது என்று ஒப்புக்கொள்கிறாய் என்றால், முழுதும் எனக்குரியது என்று உனக்கே தெரிகிறது! 1838 செப்டம்பரில் மாலுமி உடுப்பு மாட்டி, அடிமை அல்ல என்று காட்டும் இன்னொருவரின் காகிதத்தைக் காட்டி, ரயிலேறிப் போய்விட்டார்.

1865இல் அடிமை முறையை ஒழித்த, அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் வந்தது. சரி, விடுதலை. நிலம்? அது பழைய முதலாளியிடமே நின்றது. நிலமில்லாதவர்கள் விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதார்கள். விதை, மாவு, துணி எல்லாம் கடைப் பற்று. அறுவடை முடிந்ததும் முதலாளி நோட்டைத் திறந்து, "இன்னும் நீதான் தரவேண்டும்" என்பார். அடிமைக் காலத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதையே பல மாநிலங்கள் சட்டம் போட்டுத் தடுத்திருந்தன. அப்புறம் அந்த நோட்டை யார் சரிபார்ப்பது? உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாது. பார்க்கவே விடாவிட்டால் கடன்தான் மிஞ்சும்.

மெம்பிஸில் 1968இல் சுமார் 1,300 கறுப்பினத் தூய்மைப் பணியாளர்கள் "நான் மனிதன்" என்ற அட்டையோடு தெருவுக்கு வந்தார்கள். அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும், தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நம் கோரிக்கைக்கு வருகிறேன். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் தமிழில் அச்சடித்த சம்பளச் சீட்டு வேண்டும். எத்தனை நாள் வேலை, பி.எஃப். எவ்வளவு பிடித்தார்கள், கைக்கு எவ்வளவு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து தன்னுடையது என்று வார்டு உறுப்பினர் அம்மா சொல்லியிருக்கிறார். அவர் அடுத்த நிகழ்ச்சிக்குக் கிளம்புவதற்குள் வரிசையில் வாருங்கள்.