மீன் ஆயும் கை

வணக்கம். சினிமாவில் நடிக்க வரும் வடசென்னைக்காரர்களுக்குச் சில விஷயங்கள் சொல்கிறேன். காசிமேட்டில் ஒரு காட்சி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அருவாமணையில் சங்கரா மீன் ஆய்கிறீர்கள். அண்ணன் வந்து நிற்கிறான். "எப்ப வந்தே?" என்று நிமிர வேண்டும். காட்சி அவ்வளவுதான். முதலில் வைட் (முழு இடமும் தெரியும் ஷாட்), அப்புறம் மிட் (இடுப்புக்கு மேல்), பிறகு ஆளுக்கொரு குளோசப் (முகம் மட்டும்). அந்த இரண்டு வார்த்தையைப் பத்துப் பன்னிரண்டு தடவை சொல்ல வேண்டிவரும். ஒவ்வொரு டேக்குக்கும் செதிலோடு புது மீன் வேண்டுமென்று ஆர்ட் டிபார்ட்மென்ட்காரர்கள் ஒரு கூடை வைத்திருப்பார்கள்.

வைட்டில் "எப்ப" என்றபோது கை நின்றது. குளோசப்பில் "வந்தே" முடிந்த பிறகு நின்றது. இரண்டையும் ஒட்டினால் கை துள்ளும். எடிட்டர் உங்களை விட்டுவிட்டு அண்ணன் முகத்துக்குப் போய்விடுவார். நன்றாகத்தான் நடித்திருப்பீர்கள், படத்தில் இருக்க மாட்டீர்கள். கண்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று) பார்க்கும் உதவி இயக்குநர் புடவை மடிப்பையும் மீன் எந்தக் கையில் என்பதையும் குறித்துக்கொள்வார். எந்த எழுத்தில் கை நின்றது என்பது உங்கள் பொறுப்பு. ஒத்திகையிலேயே அசைவை ஒரு சொல்லோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். வைட்டில் உற்சாகமாக ஐந்து சேட்டை செய்கிறவர்கள் குளோசப்பில் ஐந்தையும் திரும்பச் செய்ய முடியாமல் திணறுவார்கள். ஒன்று போதும்.

குளோசப்பில் இன்னொரு சங்கடம், கண். எதிரில் இருப்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்ப்பது வீட்டில் இயல்பு. பெரிய திரையில் அது கருவிழி நடுக்கமாகத் தெரியும். கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணை மட்டும் பாருங்கள். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு போன்ற இடங்களில் பயின்றவர்களுக்குக் குரலும் உடம்பும் தயாராக இருக்கும். அவர்களும் இதைத் தனியாகப் பழகத்தான் வேண்டும்.

இப்போது ஆடிஷன் பாதி போனிலேயே முடிகிறது. போனைக் கிடைமட்டமாக, கண் உயரத்தில் வையுங்கள். ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருத்துவிடும். ஃபில்டர் வேண்டாம். பேர், வயது, உயரம் சொல்லி, இடது பக்கம், வலது பக்கம், முழு உருவம் காட்டுங்கள். லென்ஸைப் பார்ப்பது இதோடு சரி. வசனத்துக்கு எதிர்வரி சொல்பவரைப் போனை ஒட்டி நிறுத்தி அவரைப் பாருங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள். திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் லாரி ஓய்கிற நேரம் பார்த்து எடுங்கள். ஆடிஷனுக்கோ சான்ஸுக்கோ பணம் கேட்டால் அங்கே படமே இருக்காது, கிளம்பிவிடுங்கள்.

நம் பேச்சைப் பற்றி ஒன்று. வடசென்னைப் பாத்திரம் என்றதும் வரிக்கு வரி "இன்னா", "கீது" என்று தூவுகிறார்கள். எனக்கு எரிச்சலாக இருக்கும். ராயபுரத்தில் ஒரே வீட்டில் ஆயா பேசுவது ஒரு மாதிரி, காலேஜ் போகிற பேத்தி பேசுவது ஒரு மாதிரி. நம் பேச்சு வேகத்திலும், சொல்லின் கடைசியை விழுங்குவதிலும் இருக்கிறது. பாத்திரத்துக்கு எத்தனை வயது, எங்கே வேலை செய்கிறாள் என்று கேட்டுவிட்டு அளவைத் தீர்மானியுங்கள். டப்பிங்கில் இது இன்னும் கடினம். விழுங்கிய கடைசி எழுத்துக்கும் திரையில் உதடு அசைந்திருக்கும், அதே இடத்தில் மறுபடி விழுங்க வேண்டும்.

சம்பளம் பேசும்போது கேட்க வேண்டியவை: ஒரு நாளுக்கா, மொத்தமாகவா? பேட்டா (தினப்படி) தனியா? டப்பிங் நாள் இதில் சேர்த்தியா? போனில் பேசியதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி "சரி" வாங்கிவிடுங்கள். டப்பிங்குக்கு முன் பாக்கியைக் கேட்பது தொழிலில் வழக்கம்தான், கூச்சப்பட வேண்டாம். பான் கார்டு கொடுத்தால் டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் பிடிப்பார்கள், கொடுக்காவிட்டால் 20. வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் போட்டு அதைத் திரும்ப வாங்கலாம்.