'இளமையின் வெற்றி'யில் வென்றது தங்கைதான்

நடுவர் அவர்களே, என் அணித் தோழர்களே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்ட எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

டீ குடிக்கப் போய்விட்டு இப்போதுதான் பின்வரிசைக்கு வந்தவர்களுக்காகத் தலைப்பை இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன். 1941-ல் எகிப்தில் அஹ்மத் பத்ரகான் இயக்கி வெளிவந்த படம் 'இன்திஸார் அஷ்-ஷபாப்', நம் மொழியில் 'இளமையின் வெற்றி'. ஓர் அண்ணன், ஒரு தங்கை, இரண்டு பேருக்கும் நல்ல குரல், கையில் காசு கிடையாது, பாடிப் பிழைக்கலாம் என்று கெய்ரோவுக்கு வருகிறார்கள். அண்ணன் வஹீத், தங்கை நாதியா. வேலை கிடைப்பது இரவு விடுதி மேடையில். பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் நாதியாவைக் காதலிக்கிறான், பாட்டுக்காரி நம் வீட்டுக்கு மருமகளாக வருவதா என்று அவன் வீடு முகம் சுளிக்கிறது. கடைசியில் ஒரு பெரிய இசை நாடகம் மேடையேறி வெற்றி பெறுகிறது. நடித்தவர்கள் ஃபரீத் அல்-அத்ராஷும் அஸ்மஹானும், நிஜத்திலும் அண்ணன் தங்கை, இருவருக்குமே இதுதான் முதல் படம். அந்தப் பணக்காரப் பையன் அன்வர் வக்தி. இந்தப் படத்தில் உண்மையில் வென்றது யார், அண்ணனா தங்கையா? இதுதான் இன்றைய கேள்வி. நான் தங்கை கட்சி.

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாக அடுக்கினார். படத்தின் பாட்டுக்கெல்லாம் இசை அண்ணன், அந்த இசை நாடகம் அண்ணனின் கனவு, இந்தப் படத்தில் தொடங்கி 31 படம் என்று கணக்கு ஏறியதும் அண்ணனுக்குத்தான், தங்கைக்கோ மொத்தமே இரண்டு படம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் வாங்கினார். ஐயா, நீங்கள் சொன்ன எண்ணில் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் ஓட்டப் பந்தயத்தில் யார் முதலில் வந்தார் என்று பார்த்தீர்களே தவிர, யார் காலில் கல்லைக் கட்டிவிட்டிருந்தார்கள் என்று பார்க்கவில்லை.

வஹீதுக்கு என்ன பிரச்சினை? பசி. வாய்ப்பு இல்லை, வாடகைக்குக் காசு இல்லை. பெரிய கஷ்டம்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பாட்டு மக்களுக்குப் பிடித்துவிட்டால் அந்தக் கஷ்டம் அன்றைக்கே தீர்ந்துவிடும். நாதியாவின் கஷ்டம் அப்படிப்பட்டதா? பாட்டு எடுபடாவிட்டால் அண்ணனோடு சேர்ந்து அவளும் பட்டினி. எடுபட்டால்? "ஓ, இவள்தானே அங்கே பாடியவள்" என்ற பேச்சு. அண்ணனுக்கு மரியாதை தேடித்தந்த அதே மேடை தங்கையின் மரியாதையைப் பறிக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள், நடுவர் அவர்களே!

இது ஏதோ கதாசிரியர் கண்ணீருக்காகச் சேர்த்த விஷயம் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்துக் கெய்ரோ இசை விடுதிகள் நடந்த விதமே அப்படி. மேடையில் ஆடிப் பாடிய பெண், நிகழ்ச்சி முடிந்ததும் வாடிக்கையாளர் மேசையில் போய் உட்கார வேண்டும், அவர்களை இன்னும் நாலு பாட்டில் வாங்க வைக்க வேண்டும், விடுதிக்காரருக்கு வருமானமே அதில்தான் என்பது பல இடங்களில் வழக்கமாக இருந்தது. ஊது என்கிற அரபு நரம்பு வாத்தியம் வாசிப்பவரையோ வயலின் வாசிப்பவரையோ யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, அவர் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். ஃபரீத்கூட கெய்ரோவில் பதீஆ மஸாப்னி நடத்திய புகழ்பெற்ற இரவு விடுதி அரங்கில் வாசித்துப் பாடி வளர்ந்தவர்தான், அதைச் சொல்லி யாரும் அவரைக் குறைத்துப் பேசவில்லை, மாறாக 'அங்கிருந்து மேலே வந்தவர்' என்று பெருமையாகச் சொல்கிறோம். ஒரு பெண் அதே இடத்திலிருந்து வந்தால் இதே வாக்கியம் எப்படி ஒலிக்கும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சரி, படத்தை விட்டு இவர்கள் வாழ்க்கைக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் படத்தில் இரண்டையும் பிரிக்க முடியாது. சிரியாவின் ஜபல் அத்-துரூஸ் மலைநாட்டில் அத்ராஷ் குடும்பம் என்றால் சாதாரணப் பெயர் இல்லை. 1925-ல் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து எழுந்த பெரும் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய சுல்தான் பாஷா அல்-அத்ராஷ் இந்தக் குடும்பத்தவர். அந்த வம்சத்தில் வாழ்க்கைப்பட்டவர் ஃபரீத், அஸ்மஹானின் தாய் ஆலியா அல்-முன்திர், 1920களில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கெய்ரோவுக்கு வந்து சேர்கிறார். கணவர் திரும்பக் கூப்பிட்டும் போகவில்லை. துணி தைக்கிறார், விசேஷங்களில் பாடுகிறார், ஊது வாசிக்கிறார். அரச குடும்பத்துப் பெண் காசுக்குப் பாடினார், பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஃபரீதைப் பள்ளியில் சேர்த்தபோது குலப்பெயரைச் சொல்லாமல் 'கூஸா' என்ற வேறு பெயரில் சேர்த்தார்களாம், அவ்வளவு பயம், அவ்வளவு கூச்சம்.

இப்போது கவனியுங்கள். அந்த ஃபரீத் பாடகராக வெளியே வந்தபோது எந்தப் பெயரில் வந்தார்? ஃபரீத் அல்-அத்ராஷ். குலப்பெயர் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. தங்கையின் பெயர் அமல். இசையமைப்பாளர் தாவூத் ஹுஸ்னி அந்தப் பெண்ணின் குரலைக் கேட்டு வியந்து 'அஸ்மஹான்' என்று ஒரு புதுப் பெயர் வைத்தார், கடைசிவரை மேடையில் அதுதான். இசைத்தட்டில் அத்ராஷ் இல்லை, சுவரொட்டியில் அத்ராஷ் இல்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே தொழில், அண்ணனுக்கு அந்தப் பெயர் பட்டம், தங்கைக்கு அதுவே ஆபத்து. வீட்டில் மூத்தவர் ஃபுஆத், தங்கை பாடுவதை எதிர்த்தார். 1930களில் தங்கைக்குச் சொந்தத்திலேயே, ஹஸன் அல்-அத்ராஷோடு கல்யாணம் ஆனது, அந்த மலைநாட்டின் சுவைதா நகரில் பெரிய வீட்டுப் பெண்ணாக வாழ்ந்தார், ஒரு பெண் குழந்தையும் பிறந்தது, பாட்டு மட்டும் நின்றுபோனது. ஃபரீத் யாரையாவது விரும்பியபோது "பாட்டை விட்டுவிடு, அப்புறம் பார்க்கலாம்" என்று எந்த வீடாவது நிபந்தனை போட்டதா? எதிரணியினர் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லட்டும், காத்திருக்கிறேன்.

அந்த வீட்டை விட்டுக் கெய்ரோவுக்குத் திரும்பி வந்த பெண் நடித்த படம் இது. மருமகளாக ஒரு பாடகி வரலாமா என்று கேட்கிற கதை. நிஜத்தில் அந்தக் கேள்வியில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர் அதே வேடத்தைத் திரையில் செய்கிறார் என்றால், அதற்கு நடிப்பு மட்டும் போதாது, நெஞ்சழுத்தம் வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன், இது என் கட்சிக்கு ரொம்ப முக்கியம். இதே இயக்குநர் பத்ரகான், இதற்கு முந்தைய வருடம், 1940-ல், எகிப்தின் மாபெரும் பாடகி உம் குல்தூமை வைத்து 'தனானீர்' எடுத்தார். அதிலும் நாயகி பாடகிதான், ஆனால் ஹாரூன் அர்-ரஷீத் காலத்துப் பாக்தாத் பாடகி. 1936-ல் வந்த 'விதாத்' படத்திலும் உம் குல்தூம் பழங்காலத்துப் பாடும் அடிமைப் பெண்தான். பட்டும் பன்னீரும் பழைய சரித்திரமும் சுற்றி நிற்கும்போது, பாடுகிற பெண்ணை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், அவள் நூற்றாண்டுகளுக்கு அந்தப்பக்கம் பத்திரமாக இருக்கிறாள். உம் குல்தூம் நிகழ்காலக் கதையே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை, 1937-ல் 'நஷீத் அல்-அமல்' செய்தார், அதுவும் பத்ரகான் படம்தான். ஆனால் அவர் தன் பெயரைச் சுற்றி எவ்வளவு கவனமாக வேலி கட்டியவர் என்று எல்லோருக்கும் தெரியும். அஸ்மஹானுக்கு அந்த வேலி கிடையாது. முதல் படத்திலேயே, தான் வாழ்ந்த காலத்து உடையில், தான் வாழ்ந்த காலத்துக் கெய்ரோவில், இரவு விடுதியில் பாடுகிற பெண்ணாக வந்து நின்றார். துணிச்சல் என்று நான் சொல்வது இதைத்தான்.

பாட்டுக்கு வருகிறேன், எதிரணிக்கு இதுதான் பெரிய பலம் என்பதால் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. ஆமாம், இசை முழுக்க அண்ணன். ஆனால் இசையமைப்பாளர் எந்தக் குரலை நம்பி ஒரு மெட்டைப் போடுகிறார் என்பதும் கேள்வி இல்லையா? 'யா பதீஉல் வர்த்' கேளுங்கள். பூக்களைப் புகழ்கிற பாட்டு, மேலோட்டமாகக் கேட்டால் ரொம்ப லேசு. அதை அந்த லேசோடேயே எடுத்துக்கொண்டு போய், இடையில் ஒரு சுழிப்பு, மேலே ஒரு தாவல், மூச்சு எங்கே வாங்கினார் என்றே தெரியாது. அரபு இசையின் நுணுக்கமான அசைவும் ஐரோப்பிய ஓபரா பாடகிகளின் உச்சக் குரலும் ஒரே தொண்டையில் சண்டை போடாமல் இருந்தன அவருக்கு. உம் குல்தூமின் இசைக்குழுவில் ஊது வாசித்த மேதை முஹம்மத் அல்-கஸப்ஜி, பறவைக் குரல்போல ஏறி இறங்கும் 'யா துயூர்' பாட்டைப் பாட அஸ்மஹானிடம்தானே கொடுத்தார்? 'அஷ்-ஷம்ஸ் காபத்' என்று அண்ணனும் தங்கையும் சேர்ந்து பாடுவதையும் கேளுங்கள். ஃபரீதின் குரலில் சோகம் இருக்கிறது, கெஞ்சல் இருக்கிறது, அதற்கு நானும் அடிமைதான் (எங்கள் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்). ஆனால் தங்கை தன் வரியைத் தொட்டவுடன் பாட்டு வேறு உயரத்துக்குப் போய்விடுகிறது. ஃபரீதுக்கே அது தெரிந்திருக்கும், அதனால்தான் மெட்டை அப்படிப் போட்டிருக்கிறார் என்பது என் எண்ணம்.

எனக்கு முன் பேசிய எதிரணி அம்மா ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். பாடகன் என்றால் ஆணையும் அன்றைய சமூகம் மதிக்கவில்லையே, 1933-ல் வந்த 'வெள்ளை ரோஜா' படத்தில் பாடகர் முஹம்மத் அப்துல் வஹாப் நடித்த நாயகனுக்கும் அதே கதிதானே என்று. உண்மைதான் அம்மா. ஏழைக் குமாஸ்தா, முதலாளி மகளைக் காதலிக்கிறான், பாடகனாகப் பெரிய ஆளாகிறான், ஆனாலும் காதல் கைகூடவில்லை. ஆனால் அவன் எதை இழந்தான், எது அவனிடம் மிஞ்சியது? காதலை இழந்தான், பாட்டு மிஞ்சியது. பாட்டு போதும் என்று தனியாக நின்றால் அவனைத் தியாகி என்று ஊரே கண்ணீர் விடும். பெண்ணுக்கு அந்த வசதி இல்லை. பாட்டு போதும் என்று தனியாக நிற்கிற பெண்ணுக்கு அந்தக் காலத்துச் சினிமா தியாகி பட்டமா கொடுத்தது? வேறு பெயர்தான் கொடுத்தது. நாகரிகம் கருதி அதை இங்கே சொல்லவில்லை.

கடைசியாக அந்த இரண்டு படக் கணக்கு. அஸ்மஹானின் இரண்டாவது படம் 'கராம் வ இன்திகாம்', காதலும் பழியும். அது முடிவதற்கு முன், 1944 ஜூலை 14 அன்று, ராஸ் அல்-பர் என்ற கடலோர ஊருக்குப் போகும் வழியில் கார் கால்வாயில் விழுந்து அவர் இறந்துபோனார். இயக்குநர் யூசுஃப் வஹ்பி முடிவை மாற்றி எழுதிப் படத்தை வெளியிட்டார். சாவைச் சுற்றி உளவு, சதி என்று இன்றுவரை ஆயிரம் கதை சொல்கிறார்கள், எனக்கு அதில் ஆர்வமில்லை, இந்த மேடைக்கும் அது தேவையில்லை. நான் கேட்பது வேறு. அந்தப் படத்தில் அவர் பாடிய, அஹ்மத் ராமி எழுதி அண்ணன் இசையமைத்த 'லயாலி அல்-உன்ஸ்' இன்றும் அரபு நாடுகளில் புதுப் பாடகிகள் துணிந்து மேடையில் பாடிப் பார்க்கிற பாட்டு, இசைப்போட்டிகளில் நடுவர்கள் நிமிர்ந்து உட்காருகிற பாட்டு. இரண்டே படத்தில் இதைச் செய்தவர் தோற்றவரா?

அண்ணன் 1974 வரை வாழ்ந்தார், மகிழ்ச்சி. 1947-ல் 'ஹபீப் அல்-உம்ர்' எடுத்துப் பெரும் வெற்றி பெற்றார், நடன நடிகை ஸாமியா கமாலோடு அவர் சேர்ந்த படங்களுக்குக் கூட்டம் அலைமோதியது, அதுவும் மகிழ்ச்சி. ஆனால் பிற்பாடு வந்த பல படங்களிலும் அவர் வேடத்தின் பெயர் வஹீத் என்றே இருக்கும், பெரும்பாலும் அதே சோகப் பாடகன். முதல் படத்தில் தங்கையோடு கெய்ரோவுக்கு வந்து இறங்கினானே, அந்தப் பையனையே அவர் திரும்பத் திரும்ப நடித்தார் என்றுதான் எனக்குத் தோன்றும். பக்கத்தில் நாதியா மட்டும் இல்லை.

மணி அடிக்கிறார் நடுவர், புரிகிறது, இன்னும் அரை நிமிடம் கொடுங்கள் ஐயா. அடுத்து வரும் எதிரணி நண்பர் 31 படங்களின் பட்டியலோடு தயாராக இருக்கிறார், பேப்பர் இங்கிருந்தே தெரிகிறது. பட்டியலை வாசிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும். 'இளமையின் வெற்றி'யின் அந்தக் கடைசி இசை நாடகத்தில் நாதியாவை எடுத்துவிட்டு, வஹீதை மட்டும் வைத்துப் பாடச் சொன்னால், திரை இறங்கும்போது அரங்கம் எழுந்து நிற்குமா? ஆமாம் என்றால் எந்தப் பாட்டுக்கு என்று சொல்லுங்கள், நான் போய் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி, வணக்கம்.