6000 ரேம் ஏன் 4800-ல ஓடுது?

[திரையில்: டாஸ்க் மேனேஜர், மெமரி பக்கம்]

பெட்டியில 6000னு போட்டிருக்கு, விண்டோஸ் 4800னு காட்டுது. கடைக்காரர் ஏமாத்தலை. 6000-ங்கிறது ஓவர்கிளாக், அதாவது வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டறது. அதை நாமதான் பயாஸ்ல, அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற போர்டோட செட்டிங்ஸ்ல, ஆன் பண்ணணும். ஏஎம்5 மதர்போர்டு, ஏஎம்டியோட ரைசன் 7000 பிராசஸர், 16 ஜிபி ரேம் ஸ்டிக் ரெண்டு. இதை வச்சுப் பார்ப்போம்.

பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தினா மிச்ச கரண்ட் போயிடும்.

[நெருக்கக் காட்சி: நாலு ஸ்லாட்]

பிராசஸர் பக்கமிருந்து எண்ணி, 2-வது, 4-வது ஸ்லாட்ல போடுங்க. போர்டுல ஏ2, பி2-ன்னு அச்சாகியிருக்கும். ஒவ்வொரு சேனல்லயும் (ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவுல டேட்டா போற பாதை) ரெண்டு ஸ்லாட் ஒரே கம்பித் தடத்துல வரிசையா இருக்கு. கடைசி ஸ்லாட்டைக் காலியா விட்டா சிக்னல் அந்த முனையில மோதித் திரும்பி வரும், வேகம் ஏறாது.

ஸ்டிக்ல இருக்கிற காடியை ஸ்லாட்டோட பொருத்திப் பார்த்து, ரெண்டு முனையையும் "டக்"னு சத்தம் கேட்கிற வரைக்கும் அழுத்துங்க. போர்டு உடைஞ்சிடுமோன்னு பயந்து அரைகுறையா அழுத்தறதாலதான் பாதி நேரம் டிஸ்ப்ளே வராம போகுது.

முதல் தடவை ஆன் பண்ணினதும் கருப்புத் திரைதான் வரும், போர்டுல டிராம்னு போட்ட ரேம் லைட் எரியும். பயப்படாதீங்க, மெமரி டிரெயினிங் நடக்குது, அதாவது ரேமுக்குச் சரியான செட்டிங்கை போர்டு தானே தேடுது. சில நிமிஷம் ஆகலாம். நடுவுல ஆஃப் பண்ணிடாதீங்க.

[திரையில்: பயாஸ்]

எக்ஸ்போங்கிறது ரேம்லயே பதிஞ்சிருக்கிற ஓவர்கிளாக் செட்டிங். அதை ஆன் பண்றதுக்கு முன்னாடி பயாஸை அப்டேட் பண்ணிடுங்க, இதைத் தவிர்க்காதீங்க. 2023-ல சில ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் எரிஞ்சதுக்கு அப்புறம், எஸ்ஓசி வோல்டேஜ் (பிராசஸருக்குள்ள மெமரி கன்ட்ரோலர் இருக்கிற பகுதிக்குப் போறது) 1.3 வோல்ட்டைத் தாண்டாம ஏஎம்டி கட்டிப் போட்டது. பழைய பயாஸ்ல அந்தக் கட்டுப்பாடு இருக்காது.

டெலீட் கீயைத் தட்டி உள்ளே போய், எக்ஸ்போ ப்ரொஃபைல் 1-ஐத் தேர்ந்தெடுத்து, எஃப்10-ல சேவ் பண்ணுங்க. 6000 வேகம், சிஎல்30 (ரேமோட தாமத அளவு) கிட்னா, ரேம் வோல்டேஜ் பெரும்பாலும் 1.35 வோல்ட்டுக்குப் போகும். மறுபடி டிரெயினிங் நடக்கும். ரேம் வேகத்தைக் காட்டுற சிபியு-இசட் சாஃப்ட்வேர்ல 3000 மெகாஹெர்ட்ஸ்னு வந்தா சரியாத்தான் இருக்கு. ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போகுதே! பிராசஸருக்குள்ள ரேமைக் கையாளுற மெமரி கன்ட்ரோலரும் அதே 3000-ல ஓடுதான்னு பாருங்க. ரேம் வேகம் ரொம்ப மேல போனா கன்ட்ரோலர் வேகம் ரேம் கிளாக்ல பாதியா இறங்கிடும். 7200 வாங்கி ஏமாறறது இங்கதான்.

இன்னும் ரெண்டு ஸ்டிக் சேர்க்கலாமேன்னு தோணும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொல்ற வேகம் ரெண்டு ஸ்டிக்குக்கு 5200. நாலு போட்டா 3600தான். 64 ஜிபி வேணும்னா 32 ரெண்டா, ஒரே கிட்டா வாங்குங்க.

பூட் ஆகலையா? பவரை எடுத்துட்டு, போர்டுல பயாஸ் செட்டிங்கை அழிக்கிற க்ளியர் சிமாஸ் பின் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால பத்து நொடி தொடுங்க. அப்புறம் எக்ஸ்போவை ஆன் பண்ணி, வேகத்தை மட்டும் 5600-க்கு இறக்குங்க.

விண்டோஸ் வந்துட்டா மட்டும் போதாது. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ நாலு சுற்று ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். சிஸ்டம் ஹேங் ஆகாமலே ஃபைல்களைக் கெடுத்துட்டு இருக்கும்.