வாவிச் சேற்றில் ஒளிந்த வேட்டைக்காரன்

[காட்சி: கல்லடிப் பாலத்தடி, காலை. தண்ணீர் வற்றிய கரை.]

மட்டக்களப்பு வாவிக்குள் இறங்கி நடந்தவர்களுக்கு இந்தச் சேற்றைத் தெரியும். காலை எடுத்தால் அடியில் கன்னங்கரேல் என்றிருக்கும், அழுகிய முட்டை நாற்றமும் வரும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வாழும் பற்றீரியாவின் வேலை அது. மூச்சுவிட வழியில்லாத இப்படிப்பட்ட சேற்றில், இறந்த மீனைக் கிளறித் தின்னப் புழுவும் நண்டும் வருவதில்லை. அப்படியே படுத்திருக்கும், மேலே வண்டல் மூடிக்கொள்ளும்.

[காட்சி: தென்னாபிரிக்க வரைபடம். சாலையோரம் கறுத்த கல்.]

தென்னாபிரிக்காவின் மகாண்டா நகரை ஒட்டி, 1985இல் நெடுஞ்சாலைக்காக ஒரு குன்றை வெட்டினார்கள். உள்ளே கறுப்புக் கல். 36 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கிடந்த வாவிச் சேறுதான் இறுகிக் கல்லாகியிருந்தது. கடலோடு கலக்கும் வாவி, நம்முடையதைப் போலவே. ஆனால் அன்று அந்த இடம் தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தென் கண்டங்கள் ஒன்றாய்ச் சேர்ந்திருந்த அதே கோண்டுவானாப் பெருநிலத்தோடு இலங்கையும் அப்போது ஒட்டிக்கொண்டிருந்தது.

சாலைச் சரிவை மறுபடி வெட்டவேண்டி வந்தபோது, ஆய்வாளர் ரொபர்ட் கெஸ் அந்தக் கல்லைத் தொன் கணக்கில் அள்ளிக் காப்பாற்றினார். பிறகு பல ஆண்டுகளாகத் தகடு தகடாகப் பிளந்து பார்த்தார். இந்தக் கதையில் என் மனதைத் தொட்டது அந்தப் பொறுமைதான். முதலில் ஏதோ ஒரு பெரிய மீனின் செதில்கள், அப்புறம் ஒவ்வொன்றாய் எலும்புகள். எலும்பு இருந்த இடத்தில் மைக்கா என்ற பளபளக்கும் கனிமம் படிந்து, கறுப்புக் கல்லில் வெள்ளியாய் மின்னியது.

[காட்சி: மீனின் ஓவியம், பக்கத்தில் ஒரு மனிதர்.]

2023இல் கெஸ்ஸும் சுவீடன் ஆய்வாளர் பேர் ஆல்பெர்க்கும் அந்த மீனுக்கு ஹைனேரியா உட்லெசின்யே என்று பெயரிட்டார்கள். உட்லெசின்யே என்றால் தென்னாபிரிக்காவின் சோசா மொழியில் 'மற்றவர்களைத் தின்பவன்' என்று பொருள். நீளம் 2.7 மீற்றர், ஏறக்குறைய ஒன்பது அடி. இதன் சகோதர இனம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பழைய நன்னீர் ஆற்றுப் படிவில் கிடைத்து 1968இலேயே பெயர் பெற்றிருந்தது.

வாயில் கோரைப் பற்கள். துடுப்புகளில் பல உடலின் பின்பகுதியில். உன்னிச்சைக் குளத்து விரால் பாசிக்குள் அசையாமல் கிடந்து சட்டென்று பாயுமே, அப்படி வேட்டையாடுவதற்கான உடல்வாகு.

ஆனால் உறவில் இது விராலைவிட நமக்குத்தான் நெருக்கம். கையை மடக்கிப் பாருங்கள்: முழங்கை வரை ஓர் எலும்பு, அதற்குக் கீழே இரண்டு. இந்தக் குடும்பத்து மீன்களின் முன்துடுப்பிலும் அதே ஒழுங்கு இருக்கிறது.

அந்தக் கறுப்புக் கல்லிலேயே ஆதி நாலுகால் விலங்குகள் இரண்டும் கிடைத்தன. ஒன்றுக்குப் பேராயர் டெஸ்மன்ட் டுட்டுவைக் கௌரவித்து டுட்டுசியஸ் என்று பெயர். நம் முன்னோரின் அந்த உறவினர்களையும் ஹைனேரியா பிடித்துத் தின்றிருக்கக்கூடும்.