ஜாயின், ஜாயின் இன், ஜாயின் அப்

வணக்கம் நேயர்களே.

வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதங்களில் நம் பிள்ளைகள் அடிக்கடி எழுதும் வாக்கியம் ஒன்று: ‘ஐ ஜாயின்ட் இன் அ கம்பெனி.’ கம்பெனியில் சேர்ந்தேன் என்பதுதான் அவர்கள் சொல்ல நினைப்பது. தமிழில் ‘இல்’ உருபு வருகிறதே என்று ஆங்கிலத்தில் ‘இன்’ போட்டுவிடுகிறார்கள். அது அங்கே வேண்டாம். நிறுவனம், கட்சி, சங்கம் என எதில் சேர்ந்தாலும் ‘ஜாயின்’ என்ற வினையை அடுத்து நேராக அதன் பெயர்தான் வரும். ‘ஷி ஜாயின்ட் த பேங்க்.’ அவ்வளவே.

ஆட்களோடு சேர்வதற்கும் இதே விதிதான். சாப்பிட உட்காரும்போது நண்பரைக் கூப்பிட ‘ஜாயின் அஸ்’ போதும். ‘எங்களோடு’ என்பதில் உள்ள ‘ஓடு’தான் நம்மை ‘ஜாயின் வித் அஸ்’ என்று சொல்ல வைக்கிறது. மேடையில் ‘என்னோடு சேர்ந்து இவருக்கு நன்றி சொல்லுங்கள்’ என்கிற மாதிரியான இடங்களில் மட்டும் ‘ஜாயின் வித் மி’ செல்லும்.

அப்படியானால் ‘ஜாயின் இன்’ எப்போது சரி? அது தனி ஃப்ரேசல் வெர்ப், அதாவது வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து தனிப்பொருள் தரும் தொடர். பிறர் செய்துகொண்டிருக்கும் செயலில் நாமும் கலந்துகொள்வது அதன் பொருள். பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். ஓரமாக நிற்கும் சிறுவன் ‘கேன் ஐ ஜாயின் இன்?’ என்கிறான். நானும் வரட்டுமா என்று கேட்கிறான். பின்னால் ஒரு சொல்லும் இல்லாமலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. செயலைச் சொல்ல விரும்பினால் ‘ஜாயின்ட் இன் த சிங்கிங்’ என்று சேர்க்கலாம். ஆட்களைச் சொல்வதானால் இங்கே ‘வித்’ வந்தே ஆகவேண்டும்: ‘ஹி ஜாயின்ட் இன் வித் த அதர்ஸ்.’ ஆனால் ‘ஜாயின்’, ‘இன்’ இரண்டுக்கும் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது. ‘ஜாயின் த கேம் இன்’ என்பது பிழை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘ஷி ஜாயின்ட் த கொயர்’ என்றால் அவர் பாடகர் குழுவில் உறுப்பினராகிவிட்டார். ‘ஷி ஜாயின்ட் இன் த சிங்கிங்’ என்றால், அவர் குழுவில் இல்லாதவராகவும் இருக்கலாம். கேட்க வந்தவர் கூடவே பாடியிருக்கலாம்.

இனி, ‘ஐ ஜாயின்ட் இன் ஜூன்’ என்ற வாக்கியம். இது சரியானதே. இந்த ‘இன்’ வினையோடு ஒட்டியதன்று, ஜூன் மாதத்துக்கு உரியது. வாயால் சொல்லும்போது வேறுபாடு தெளிவாகும். ‘கேன் ஐ ஜாயின் இன்?’ என்பதில் அழுத்தம் ‘இன்’ மேல் விழும். ‘ஜாயின்ட் இன் ஜூன்’ என்பதில் ‘இன்’ மெலிந்து ஓடிவிடும். அழுத்தம் ‘ஜூன்’ மேல். நான் சொல்வது போலவே இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

‘ஜாயின் அப்’ பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கு. படையில் சேர்வது என்பது இதன் முதன்மையான பொருள்களில் ஒன்று. முதல் உலகப்போரை வைத்து இதை நன்றாகப் புரிந்துகொள்ளலாம். 1914 ஆகஸ்டில் பிரிட்டனின் போர் அமைச்சரான கிச்சனர் தாமாக முன்வந்து படையில் சேர்வோரைத் திரட்டினார். பிரிட்டனில் கட்டாயப் படைச்சேவை 1916-இல்தான் வந்தது. எனவே 1914-இல் தானே முன்வந்து சேர்ந்தவனை ‘ஹி ஜாயின்ட் அப்’ என்றும், 1916-இல் ஆணை வந்து போனவனை ‘ஹி வாஸ் கால்ட் அப்’ என்றும் சொல்வார்கள். சேர்வது அவனவன் விருப்பம் என்பதால் முன்னதைச் செய்வினையாகவே சொல்வார்கள். அழைப்பது அரசு என்பதால் பின்னது செயப்பாட்டு வினையில் வருகிறது.

இரண்டு பாதைகள் ஓரிடத்தில் கூடுவதற்கும் ‘ஜாயின் அப்’ பொருந்தும். பிரிட்டிஷ் பள்ளிகளில் எழுத்துகளைக் கோத்து எழுதும் கையெழுத்துக்கு ‘ஜாயின்ட்-அப் ரைட்டிங்’ என்றே பெயர். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டோனி பிளேரின் ஆட்சிக் காலத்தில் துறைகள் தனித்தனியாக இயங்காமல் கைகோத்து இயங்குவதற்கு ‘ஜாயின்ட்-அப் கவர்ன்மென்ட்’ என்ற தொடர் பரவலாகப் புழங்கியது. இப்படிப் பெயருக்கு முன்னால் அடையாக வரும்போது இரண்டு சொல்லுக்கும் நடுவே சிறுகோடு போட்டு எழுதுங்கள். வினையாக வரும்போது கோடு கிடையாது.