ஐந்தால் வகுத்து மூலம் எடுங்கள்

வணக்கம் நேயர்களே. செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, மரத்தில் குலை வெட்டுவதைப் பார்க்காதவர்கள் நம் தோட்டப்புறத்தில் குறைவு. அறுந்த குலை தரையைத் தொட எத்தனை விநாடி ஆகும்? மனக்கணக்காகவே போடலாம். உயரத்தை மீட்டரில் எடுத்து ஐந்தால் வகுங்கள். வந்ததற்கு வர்க்கமூலம் காணுங்கள். அதுதான் விநாடி. 5 மீட்டருக்கு 1, 20 மீட்டருக்கு 2, 45 மீட்டருக்கு 3.

ஏன் ஐந்து? விழும் பொருளின் வேகம் விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் கூடுகிறது. சுழியிலிருந்து தொடங்குவதால், முதல் விநாடியில் விழும் தூரம் அதில் பாதி, 4.9 மீட்டர். அதை ஐந்தாக்கினால் நேரத்தில் நூற்றில் ஒரு பங்குதான் பிசகும்.

இப்போது 12 மீட்டர் மரம். ஐந்தால் வகுத்தால் 2.4, மூலம் ஏறத்தாழ 1.55. ஒன்றரை விநாடிதான்! 3 மீட்டர் இளமரத்தில் முக்கால் விநாடி. நன்றாகக் கவனியுங்கள்: உயரம் நான்கு மடங்கு, நேரம் இரண்டே மடங்கு. பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான், மூலம் எடுக்க மறந்துவிடுகிறார்கள். நேரத்தைப் பத்தால் பெருக்கினால் தரையைத் தொடும் வேகம்: விநாடிக்கு 15 மீட்டருக்கு மேல், மணிக்கு 55 கிலோமீட்டர். 20 கிலோ குலை அந்த வேகத்தில் வரும்போது, சத்தம் கேட்டு, நிமிர்ந்து பார்த்து, விலக நேரமே இல்லை. முதலிலேயே தள்ளி நிற்க வேண்டும்.

குலை கனம், உதிரிப் பழம் லேசு. ஆனாலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கும். உயரத்துக்கும் நேரத்துக்கும் உள்ள தொடர்பைக் கலிலியோ நேராக விழவிட்டு அளக்கவில்லை, அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடும். சரித்து வைத்த பலகையில் பள்ளம் செதுக்கி, வெண்கல உருண்டையை உருட்டிவிட்டார். உருளும் நேரத்தில் பாத்திரத்திலிருந்து ஒழுகிய தண்ணீரை எடை போட்டார். அந்த எடைதான் அவருக்குக் கடிகாரம். 1638ல் வந்த நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார்.

மலேசியாவின் தெலுக் இந்தான் நகரிலுள்ள சாய்ந்த கோபுரம் 25.5 மீட்டர். உச்சியிலிருந்து விழும் பொருளுக்குக் கணக்குப்படி 2.26 விநாடி. கோபுரம் சாய்ந்திருந்தாலும் செங்குத்து உயரத்தைத்தான் எடுக்க வேண்டும்.

நேரத்திலிருந்து உயரம் காண, நேரத்தை அதனாலேயே பெருக்கி, பிறகு ஐந்தால் பெருக்குங்கள். கைப்பேசிக் கடிகாரத்தை அமுக்குவதில் 0.2 விநாடி பிசகினால், 12 மீட்டர் மரம் 9 மீட்டராகக்கூடக் காட்டும். காணொளி எடுத்துப் படச்சட்டங்களை எண்ணுங்கள். விநாடிக்கு 30 என்றால், 12 மீட்டருக்கு சுமார் 47 வரும்.

நேரம் நெருங்கிவிட்டது. மட்டையைப் பற்றி ஒரே வரி: இலை விரிந்திருப்பதால் காற்று தடுக்கும், அதற்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நன்றி, வணக்கம்.