பவளத்தொட்டியில் பாஸ்பேட்டைக் குறைக்க எந்த மீடியா?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள், கண்ணாடியில் பாசி ஏறியதும், பாசிக்கு உரமாகும் பாஸ்பேட்டைத் தண்ணீரிலிருந்து பிடித்துக்கொள்ளும் பொருளை (அதைத்தான் மீடியா என்கிறோம்) தேடிக் கடைக்குப் போய், "பாஸ்பேட்டை எடுக்கறதுல எது ரொம்ப ஸ்ட்ராங்?" என்றுதான் கேட்கிறார்கள். "எது மெதுவா எடுக்கும்?" என்று கேளுங்கள் என்பேன் நான். பாஸ்பேட் கூடியதால் செத்த பவளங்களைவிட, கூடியதை ஒரே நாளில் இறக்கியதால் செத்த பவளங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாஸ்பேட் பெரும்பாலும் நாம் போடும் தீனியிலிருந்தே வருகிறது. அது கூடினால் பாசி மட்டும் வளர்வதில்லை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், ஒன் ட்ரீ தீவருகே ஒரு சிறு பவளத்திட்டுக்கு எட்டு மாதம் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே சுண்ணாம்பு படிவது பாதிக்கும் மேல் குறைந்துபோனது. 1979-இல் வெளியான ஆய்வு அது. பவளம் தன் எலும்புக்கூட்டைக் கட்டுவதே சுண்ணாம்பில்தான்.

அப்படியானால் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து அதற்கு உணவு தரும் நுண்பாசிக்கும் பாஸ்பரஸ் வேண்டும். நைட்ரேட் ஏராளமாக இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால், வெப்பமும் வெளிச்சமும் கூடும்போது பவளம் எளிதில் வெளுத்துப்போகிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 2013-இல் காட்டினார்கள். லிட்டருக்கு 0.03 முதல் 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் நான் கைவைக்க மாட்டேன்.

இவ்வளவு சிறிய அளவை நம்பகமாக அளக்க வேண்டுமே! ஹன்னா நிறுவனத்தின் சாதாரண பாஸ்பேட் செக்கர் என்ற கையடக்க அளவுமானியில் 0.04 மில்லிகிராம் வரை முன்னே பின்னே காட்டும். 0.03-ஐத் தேடுகிறவருக்கு அது உதவாது. அவர்களுடைய அல்ட்ரா லோ ரேஞ்ச் பாஸ்பரஸ் செக்கரை வாங்குங்கள். அது பாஸ்பரஸை பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் காட்டும். அந்த எண்ணை 3.07-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் பாஸ்பேட் என்பது கிடைத்துவிடும்.

இனி மீடியா. ஜி.எஃப்.ஓ. என்று கடைக்காரர்கள் சொல்லும் பழுப்பு நிறக் குருணை, இரும்பு ஆக்சைடு வகை. குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை நீக்கவும் இதே சரக்கு பயன்படுகிறது. தனிம அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே இருப்பது ஆர்சனிக். அதனால் ஆர்சனேட்டைப் பிடிக்கும் இரும்புப் பரப்பு பாஸ்பேட்டையும் பிடித்துக்கொள்கிறது. என் முதல் தேர்வு இதுதான். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு மட்டும் எடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தூள் போகும்வரை அலசி, சிறிய ரியாக்டரில் (தொட்டித் தண்ணீரை மீடியா வழியே ஓடவிடும் கலன்) போடுங்கள். உள்ளே உலையில் அரிசி கொதிப்பதுபோல் புரளக் கூடாது, மேல்மட்டம் மட்டும் லேசாக அசைந்தால் போதும். வேகம் கூடினால் குருணை உரசித் தூளாகி, தொட்டியெங்கும் பழுப்புப் படியும். ரியாக்டரிலிருந்து வெளியே வரும் தண்ணீரை வாரம் ஒருமுறை தனியாக அளந்து பாருங்கள். அதுவும் தொட்டித் தண்ணீரும் ஒரே அளவு காட்டினால் மீடியா தீர்ந்துவிட்டது. மாதக் கணக்குப் பார்த்து மாற்றுவதைவிட இது நல்ல வழி. ஆல்கலினிட்டியையும், அதாவது அமிலத்தைத் தாங்கும் தண்ணீரின் திறனையும், சேர்த்துப் பாருங்கள். புது ஜி.எஃப்.ஓ. போட்டதும் அது இறங்குவதுண்டு.

வெள்ளை மணிகளாக வரும் அலுமினா வகையையும் ஆர்சனிக் வடிகட்டியில் போடுவார்கள். மேற்கு வங்கத்தில் கிராமக் கிணறுகளோடு இணைத்த வடிகட்டிகள் பலவற்றில் இருந்தது இதுதான். ரியாக்டர் இல்லாத சின்னத் தொட்டிக்கு, துணிப்பையில் போட்டு நீரோட்டத்தில் தொங்கவிட வசதி. அலுமினியம் கொஞ்சம் தண்ணீரில் கரையலாம் என்பதால், லெதர் கோரல் என்ற மென்பவளம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை. அதைப் போட்டதும் அவை சுருங்கிக்கொள்வதைப் பலர் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது லாந்தனம் குளோரைடு. இது மீடியா அல்ல, சொட்டுச் சொட்டாக விடும் திரவம். நீச்சல்குளங்களில் பயன்படுவது. விலை மலிவு, வேகமோ அதிகம். எனக்கு அச்சம் தருவதும் அந்த வேகம்தான். பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையான நுண்தூளாகப் படியும். அதை 10 மைக்ரான் அல்லது அதைவிட நுண்ணிய வடிபையில் பிடிக்காவிட்டால் மீன்களின் செவுளுக்குப் போகும். சர்ஜன் மீன்கள் இதனால் இறந்ததாகச் சொல்பவர்கள் உண்டு. மீனும் பவளமும் போடுவதற்கு முன், வாளியில் வைத்துப் பழைய பாறையைச் சுத்தம் செய்ய இதைப் பயன்படுத்துங்கள், தாராளமாக.

பாறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்ளும். தண்ணீரில் அளவு குறைந்ததும் பாறை தன்னிடமிருப்பதை விடத் தொடங்கும். அதனால்தான் முதல் வாரம் இறங்கிய எண் மறுவாரம் ஏறி நிற்கிறது. மீடியா போலி என்று கடைக்காரரோடு சண்டை போட வேண்டாம், அளவை இரட்டிப்பாக்கவும் வேண்டாம். அதே கால் பங்கைத் தீரத் தீர மாற்றிக்கொண்டே வாருங்கள். பழைய பாறை என்றால் சில மாதங்கள்கூட ஆகலாம். வணக்கம்.